தெரணியகலையில் மூன்றே கால் மணி நேரம்

என் பதிவுகளை வாசிப்பவர்களுக்குத் தெரியும், நான் டீ விலை வரைக்கும் எழுதி வைக்கிறவள். எந்தப் பேருந்து, எத்தனை மணிக்கு, கழிப்பறை சுத்தமா இல்லையா, எல்லாம் இருக்கும். இதிலும் இருக்கும். ஆனால் அடுத்த விடுமுறைக்குக் கிளம்பலாம் என்று சேமித்து வைத்துக்கொள்கிற பதிவு இல்லை இது. போன மே மாதம் இலங்கைக்கு இரண்டு காலோடு போன என் கணவர் ஒரு காலோடு திரும்பி வந்தார். அவரை எப்படி வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்தோம் என்பதைத்தான் எழுதப் போகிறேன். நடுவில் எனக்குக் கோபம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் திருமங்கலத்துக்காரர்கள். கணவர் சேகர் சொந்தமாக ஒரு லோடு வண்டி ஓட்டுகிறார், ஓட்டினார். மகள் மதிக்குப் பதினொரு வயது. சேகரின் அப்பா இலங்கைத் தோட்டத்தை விட்டு இந்தியாவுக்கு வந்தபோது அவர் தம்பி அங்கேயே தங்கிவிட்டார். அந்தத் தம்பியின் மகன் யோகராஜ், தெரணியகலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். சேகரும் யோகராஜும், அண்ணனும் தம்பியுமாக, நான்கு வருடமாகப் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்களே தவிர, நேரில் பார்த்தது கிடையாது. மதிக்கு மே மாத விடுமுறை, மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம், ஒரு ஆளுக்குப் போக வர 14,600 ரூபாய். எட்டு நாள் போதும் என்று கணக்குப் போட்டு, வியாழக்கிழமை கிளம்பினோம். பயணக் காப்பீடு எடுக்கவில்லை. உறவுக்காரர் வீட்டுக்குப் போவதற்குக் காப்பீடு எதற்கு என்று சொன்னது நான்தான்.

விமான நிலையத்திலிருந்து கொழும்புக்குப் பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து அவிசாவளைக்கு இரண்டு மணி நேரம். அவிசாவளையில் பேருந்து மாறினால் தெரணியகலைக்கு இன்னொரு ஒன்றேகால் மணி நேரம், ஏறக்குறைய 26 கிலோமீட்டர், முழுக்க வளைவு. வாந்தி வருகிறவர்கள் முன்பக்கம் உட்காருங்கள். டவுனிலிருந்து தோட்டத்துக்கு 7 கிலோமீட்டர், ஆட்டோவை அங்கே த்ரீவீல் என்கிறார்கள், 900 இலங்கை ரூபாய் வாங்கினார். யோகராஜ் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, வாசலிலேயே நின்றிருந்தார். சேகரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவர் மனைவி செல்வி, "உள்ளுக்கு வரட்டும், விடுங்க" என்று பிரித்துவிட வேண்டியிருந்தது.

சனிக்கிழமை வேன் பிடித்துக் கித்துல்கலைக்குப் போனோம். களனி ஆற்றில் ரப்பர் படகில் போவதற்குத் தலைக்கு 4,500. எனக்கு உயிரே போய்விட்டது. சேகர் தண்ணீரில் விழுவார், மதி விழுவாள், பாறையில் மோதுவார்கள் என்று கரை வரைக்கும் கத்திக்கொண்டே வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மூவரும் நனைந்த கோழிகளாக ஏறி வந்து பராட்டா சாப்பிட்டோம். ஆபத்து முடிந்துவிட்டது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை ஒன்பது இருபதுக்கு அடிபட்டது. மணியை எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறேன் என்றால், அப்போதுதான் லயத்துக்குப் பின்னால் நின்று சேகரையும் யோகராஜையும் போட்டோ எடுத்தேன். போனில் நேரம் பதிவாகியிருக்கிறது. போட்டோ எடுத்து முடித்ததும் சேகர் திரும்பி ஒரு எட்டு வைத்தார். மழைத் தண்ணீர் ஓடுவதற்கு மலையில் குறுக்காக வெட்டியிருப்பார்கள், கான் என்று பெயர். புல் மூடி இருந்ததால் தெரியவில்லை. இடது கால் கானுக்குள் போய்ச் செருகிக்கொண்டது, உடம்பு சரிவில் சாய்ந்தது. முழங்கால் போகக் கூடாத பக்கத்துக்குப் போனதை நான் பார்த்தேன். யோகராஜும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கி, காலை இழுத்து நேராக்கினார்கள். ரத்தம் இல்லை. எலும்பு வெளியே வரவில்லை. வீக்கம் மட்டும்தான். மூட்டு நழுவியிருக்கிறது, அவ்வளவுதான் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நாலு பேர் அவரை ஒரு நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார்கள். தூறிக்கொண்டிருந்தது. நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறோம் என்று நான் நினைத்திருக்க, தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் கொண்டுபோய் இறக்கினார்கள். மணி ஒன்பது ஐம்பது. கதவு பூட்டியிருந்தது. மருந்து கொடுக்கிற டிஸ்பென்சரி ஐயா ஒரு தானத்துக்கு, பிக்குகளுக்குச் சாப்பாடு படைக்கும் வீட்டுக்கு, போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றார்கள்.

"வேற வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமே, தம்பி?" என்று யோகராஜைக் கேட்டேன்.

"துண்டு வேணும் அண்ணி. ஐயா பாத்துத் துண்டு எழுதிக் குடுத்தாத்தான் ஆஸ்பத்திரியில உள்ளுக்கு எடுப்பாங்க. தோட்டத்து லொறியும் துண்டு இருந்தாத்தான் வரும். இல்லாட்டி டிரைவர் எடுக்க மாட்டாரு."

துண்டு என்றால் சீட்டு. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால், டிஸ்பென்சரியில் காட்டிச் சீட்டு வாங்கினால்தான் அது சுகயீன லீவு. இரண்டு வருடத்துக்கு முன் செல்விக்குக் கடும் காய்ச்சல் வந்தபோது, யோகராஜ் நேரே டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். செல்வி பிழைத்துவிட்டார். ஆனால் துண்டு இல்லை என்று சொல்லி, ஆறு நாளும் வேலைக்கு வராத நாளாக எழுதி, ஆபீசில் ஆட்களுக்கு முன்னால் வைத்து ஏசியிருக்கிறார்கள். அதை அவர் மறக்கவில்லை. தன் அண்ணனுக்கு எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தார். இதை நான் அவர் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. நான் யார்? வங்கியில் டோக்கன் எடுத்துவிட்டு, கவுண்டர் காலியாக இருந்தாலும் நம்பர் கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருக்கிற ரகம். அந்த ஊர் வழக்கம் அவருக்குத் தெரியும், விருந்துக்கு வந்த இடத்தில் நாம் சட்டம் பேசக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

பச்சை வர்ணம் அடித்த பெஞ்சில் சேகரைச் சாய்த்து வைத்தோம். செல்வி பிளேன் டீயும் பிஸ்கட்டும் கொண்டு வந்தார். சேகர் முதலில் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தார். "எல்லாத்த விட்டுட்டு கிளட்ச் மிதிக்கிற காலாப் பாத்து அடிபட்டிருக்கு பாரு. இதுக்கு மட்டும் லீவு குடுக்க முடியாது" என்றார். பத்தே முக்காலுக்கு ஒரு த்ரீவீல்காரர் ஸ்டோருக்குச் சாமான் இறக்க வந்தார். டவுன் முஸ்லிம், நாற்பது வயதிருக்கும். சேகரின் காலைப் பார்த்துவிட்டு வண்டியை அணைத்தார்.

"ஏத்துங்க, நான் கொண்டு போறேன். அவிசாவளைக்கு ஒன்றேகால் மணித்தியாலம்தான்" என்றார்.

"துண்டு இன்னும் வாங்கலங்க" என்றார் யோகராஜ். "கால் வேற மடிக்க ஏலாது. உங்க வண்டியில எப்படி?"

"குறுக்கால போட்டுக்கலாம்."

யோகராஜ் என்னைப் பார்த்தார். நான் சேகரைப் பார்த்தேன். சேகர், "ஐயா வந்துரட்டும், எதுக்கு இவருக்குச் சிரமம்" என்றார். த்ரீவீல்காரர் இன்னும் ஒரு நிமிடம் நின்றார். பிறகு போய்விட்டார்.

பதினொன்றரைக்கு வலி குறைந்துவிட்டது என்றார் சேகர். கால் மரத்துப் போச்சு, பரவாயில்லை என்றார். எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் தோன்றியது. அவர் காலடியில் உட்கார்ந்திருந்த மதிதான், "அம்மா, அப்பாவோட இந்தக் கால் மட்டும் ஜில்லுனு இருக்கு" என்றாள். மழையில் நனைந்தது, அப்படித்தான் இருக்கும் என்றேன். பையிலிருந்து ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்து அவர் காலில் மாட்டிவிட்டேன். அதை நான் என் கையால் செய்தேன். பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

டிஸ்பென்சரி ஐயா வந்தபோது ஒன்று ஐந்து. அன்று அவருக்கு விடுமுறை, யாரோ போன் செய்து சொன்னதும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருக்கிறார். வந்தவர் சாக்ஸைக் கழற்றினார். விரல்கள் வெள்ளையாக, நகத்தடியில் நீலமாக இருந்தன. பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்து ஏதோ தேடினார். மறுபடி தேடினார். பிறகு போனை எடுத்துச் சிங்களத்தில் வேகமாகப் பேசினார். ஆம்புலன்சைக் கூப்பிடுகிறார் என்று மட்டும் புரிந்தது.

யோகராஜ் பணிவாக, "ஐயா, துண்டு..." என்றார்.

"என்ன துண்டு? இவர் தோட்டத்து ஆளே இல்லையே. யார் உங்களைத் துண்டுக்கு உக்காரச் சொன்னது?" என்றார் அவர்.

யாரும் எங்களை உட்காரச் சொல்லவில்லைதான்.

அரசு ஆம்புலன்ஸ் இருபத்தைந்து நிமிடத்தில் வந்தது, இலவசம். யார் வேண்டுமானாலும் கூப்பிடலாமாம். அந்த நான்கு இலக்க எண்ணை மதுரையில் இருக்கும்போதே தேடி என் போனில் எழுதி வைத்திருந்தேன் என்பது ஆம்புலன்சுக்குள் ஏறின பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டரைக்கு அவிசாவளை ஆஸ்பத்திரி, அங்கே பத்து நிமிடம்கூட வைத்திருக்காமல் கொழும்புக்கு ஏற்றினார்கள். நாலே காலுக்குப் பெரிய ஆஸ்பத்திரி. ஐந்தரைக்கு ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியது.

மறுநாள் வார்டில் ஒரு இளம் டாக்டர் என்னிடம் பேசினார். குருவிட்ட என்ற ஊர்க்காரர், முஸ்லிம், தமிழில் பேசினார். அந்த ஊரில் என் பாஷை பேசும் ஒரு டாக்டர் கிடைத்ததற்கு நான் அழுதேன். முழங்கால் நழுவியபோது அதன் பின்னால் ஓடும் ரத்தக் குழாய் அறுந்துவிட்டது, தைத்திருக்கிறோம், ஆனால் ரத்தம் போகாமல் எட்டு மணி நேரம் இருந்திருக்கிறது என்றார்.

"ஆறு மணித்தியாலத்துக்குள்ள வந்திருந்தா நல்ல சான்ஸ் இருந்திருக்கும். ஒன்பது இருபதுக்குப் பட்டது, ஏன் இவ்வளவு லேட்?"

சொன்னேன். சேகர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். டாக்டர் போனதும் கண்ணைத் திறக்காமலே, "யோகுகிட்ட இதச் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினேன்.

வியாழக்கிழமை, முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். கையெழுத்துப் போட்டது நான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

இனி, திரும்பி வந்த விஷயம். உங்களுக்கு நேராதிருக்கட்டும், நேர்ந்தால் பயன்படும் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். காலோ கையோ எடுத்த ஒருவரைச் சும்மா டிக்கெட் வாங்கி விமானத்தில் ஏற்றிவிட முடியாது. பறக்கத் தகுதியாக இருக்கிறார் என்று ஆஸ்பத்திரி டாக்டர் நிரப்பிக் கையெழுத்திட வேண்டிய படிவம் ஒன்று இருக்கிறது. அதை விமானக் கம்பெனிக்கு முன்கூட்டியே அனுப்பி, அவர்கள் டாக்டர் சம்மதிக்க வேண்டும். சக்கர நாற்காலி, ஏணிக்குப் பதிலாகத் தூக்கி ஏற்றுகிற வண்டி எல்லாவற்றையும் அதிலேயே கேட்க வேண்டும். மதுரை விமானம் சின்னது. படுக்கவைத்துக் கொண்டுவர வழியில்லை. உட்கார முடியும்வரை காத்திருந்தோம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை, நாளுக்கு 3,500, ஜன்னல் இல்லை. மதியை யோகராஜ் தோட்டத்துக்குக் கூட்டிப் போய் வைத்துக்கொண்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் அதிகாலைப் பேருந்து பிடித்து, சேகருக்குக் கஞ்சியும் சம்பலும் எடுத்துக்கொண்டு நான்கரை மணி நேரம் வருவார், மத்தியானம் திரும்புவார். வந்தால் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சேகர் அவருக்கு ரப்பர் பால் விலை பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்.

பத்தொன்பதாவது நாள் கிளம்பினோம். விமான நிலையத்தில் கவுண்டர் பெண் படிவத்தைப் பார்த்துவிட்டு மேலாளரைக் கூப்பிட்டார். டாக்டர் கையெழுத்திட்டு ஏழு நாளுக்குள் பறக்க வேண்டுமாம். எங்களுடையது பத்து நாள் ஆகியிருந்தது. நடுவில் சேகருக்குக் காய்ச்சல் வந்து டிஸ்சார்ஜ் தள்ளிப்போனதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, நான் உட்பட. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். விதி என்றார்கள், மிகவும் மரியாதையாக. அன்றைக்குத்தான் எனக்கு வெறி பிடித்தது. துண்டு சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள் என்று உரக்கச் சொன்னேன். அவர்களுக்கு என்ன புரியும்? சேகர் சக்கர நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். வேன் பிடித்து 4,800 கொடுத்து மறுபடி அதே ஜன்னல் இல்லாத அறைக்கு வந்தோம், மதி மறுபடி தோட்டத்துக்குப் போனாள். குருவிட்ட டாக்டர் மறுநாளே புதுப் படிவம் நிரப்பிக் கொடுத்தார்.

நான்கு நாள் கழித்து விமானம் கிடைத்தது. மதியைக் கொண்டுவந்து விட யோகராஜும் செல்வியும் ஒரு வேனில் வந்தார்கள். ஓட்டி வந்தவர் அந்த த்ரீவீல்காரர். மைத்துனர் வண்டியாம். யோகராஜ் சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது அவர் என் பக்கத்தில் வந்து, "நான் இன்னொரு வாட்டி கேட்டிருக்கணும் மிஸ். அன்னைக்கு இருந்து தூக்கம் இல்ல" என்றார். பெட்ரோலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். சோதனை வாசலில் செருப்பைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னார்கள். சேகர் ஒற்றைச் செருப்பை வைத்தார். மதி தன் இரண்டு செருப்பையும் அதே தட்டில் வைத்தாள். மதுரைக்கு ஒரு மணி நேரம்.

இப்போது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது. காப்பீடு எடுங்கள், உறவுக்காரர் வீட்டுக்குப் போனாலும் எடுங்கள். பறக்கும் படிவத்தில் தேதியைக் கிளம்பும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். போகிற நாட்டின் ஆம்புலன்ஸ் எண்ணை எழுதி வைத்தால் போதாது, கூட வருகிற எல்லாரையும் வாயால் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். முழங்கால் நழுவினால், அது தானாகத் திரும்பி நேராகிவிட்டாலும், பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால், மரத்திருந்தால், யாருக்காகவும் காத்திருக்காதீர்கள். விருந்தாளி என்ற கூச்சம் வேண்டாம். உங்களை அழைத்தவர் மனம் நோகுமே என்று பார்த்தால் என் வீட்டில் நடந்ததுதான் நடக்கும்.

வண்டியை விற்றுவிட்டோம். சேகர் பகல் முழுவதும் முன்னறையில் இருக்கிறார். இல்லாத கால் விரல் அரிக்கிறது என்கிறார், நான் எங்கே சொறிந்துவிடுவது? ஞாயிற்றுக்கிழமை காலையில் யோகராஜ் அழைப்பது ஒன்றுதான் அவருக்கு வாரத்தில் ஒரு வேலையாக இருந்தது. ஆகஸ்டில் ஒரு ஞாயிறு அவர் குளித்துக்கொண்டிருந்ததால் போனை நான் எடுத்தேன்.

"அண்ணி, அன்னைக்கு நான் துண்டுக்காக நின்னதுனாலதான் அண்ணன் உசுராவது தப்பிச்சது" என்றார் யோகராஜ். "ஐயா ஒரு போன் அடிச்சதும் ஆம்புலன்ஸ் வந்துச்சு பாருங்க. நாங்களா போயிருந்தா ரோட்டுலயே நின்னிருப்போம். இப்ப லயத்துல யாருக்கு என்னன்னாலும் நான் அதத்தான் சொல்றேன். போன கிழம மேல் லயத்து அம்மாவுக்கு நெஞ்சு வலி. நேரா டவுனுக்குக் கொண்டு போகப் பாத்தாங்க. நான்தான் நிப்பாட்டி டிஸ்பென்சரியில உக்கார வச்சேன்."

"அந்தம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"வாயுன்னு சொல்லிட்டாரு."

இந்த முறை வாயு. நான் சத்தியத்தை மீறினேன். ஆறு மணி நேரக் கணக்கை, டாக்டர் சொன்னபடியே சொன்னேன். இனி யாரையும் உட்கார வைக்காதீங்க தம்பி என்றேன்.

"அப்ப நானா அண்ணி?"

"நம்ம எல்லாரும்தான். நானும் அங்கதானே உக்காந்திருந்தேன்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"ஆஸ்பத்திரியிலயே தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேவா என் கையப் பிடிச்சுட்டு இருந்தாரு?" என்று கேட்டுவிட்டு அவர் போனை வைத்தார்.

ஏழு ஞாயிறு போய்விட்டது. நாங்கள் அழைத்தால் செல்விதான் எடுக்கிறார், அவர் தூங்குகிறார், வெளியில் போயிருக்கிறார் என்கிறார். நான் சொன்னது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மேல் லயத்தில் இன்னொருவருக்கு நெஞ்சு வலி வரும். சேகரிடமும் அதைத்தான் சொன்னேன். அவர் கத்தவில்லை, திட்டவும் இல்லை.

"காலு போனப்பக்கூட எனக்கு அங்க ஒரு தம்பி இருந்தான்" என்றார்.